சபாக் பஸ்ஸில் ஒரு பூப்பொட்டலம்

தம்புசாமி இறந்தது செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை காலை அவருடைய கைப்பேசி அடித்தது.

சார்ஜில் கிடந்த போனை மகள் விஷ்ணுப்ரியா எடுத்தாள். மலேசியாவின் கிள்ளான் நகரில், தெங்கு கிளானா சாலையில் பூக்கடை வைத்திருக்கும் புஷ்பவல்லி பேசினார். தம்புசாமிக்குக் காது கேட்காது என்பதால் எல்லாரும் அவரிடம் கத்தித்தான் பேசுவார்கள். புஷ்பவல்லியும் கத்தினார்.

"அண்ணே! பூ கட்டி வெச்சி எவ்வளவு நேரம் ஆச்சு! பஸ்ஸு போயிடப் போவுது லா! எங்க இருக்கீங்க?"

அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இனிமேல் பூ வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். "இதோ வரேன்க்கா" என்றுதான் ப்ரியாவின் வாயில் வந்தது.

பூ சபாக் பெர்ணத்துக்குப் போக வேண்டியது. கிள்ளானிலிருந்து வடக்கே, கடலோரச் சாலையில் வயல்களைத் தாண்டி இரண்டு மணி நேரம் போனால் வருகிற சின்ன ஊர். ஒரு பஸ் நிலையம், இரண்டு வரிசைக் கடைகள், மதியத்துக்கு மேல் நாய்கூடத் தெருவைக் கடக்க யோசிக்கும் அமைதி. அங்கேதான் தம்புசாமியின் தங்கை சீதாலெட்சுமி இருக்கிறார். அந்த ஊரில் முன்பு ஒருவர் பூ விற்றார். அவர் மகனோடு ஜொகூருக்குப் போய்விட்டார். "வாசல்ல இருக்கிற நந்தியாவட்டையும் செம்பருத்தியும்தான்ணே சாமிக்கு, வெள்ளிக்கிழமைக்குக்கூட மல்லி இல்ல" என்று சீதாலெட்சுமி எப்போதோ ஒரு பேச்சில் சொன்னார். தம்புசாமிக்கு அப்போது கொஞ்சம் காது கேட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை முதல் பூ போக ஆரம்பித்தது. தங்கையின் கணவர் இறந்த பிறகும் முழம் குறையவில்லை. விதவை வீட்டுக்கு எதற்கு இத்தனை பூ என்று உறவில் யாரோ கேட்டதற்கு, "சாமிக்கு" என்று மட்டும் சொன்னார்.

அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. காப்பாரில் பிறந்து, மீசை முளைக்கும் முன்பே துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனவர். பிறகு கிரேன் கற்றுக்கொண்டார். ஓய்வு பெறும்வரை போர்ட் கிள்ளானில் தரைக்கு மேலே ஒரு கண்ணாடிக் கூண்டில்தான் வாழ்க்கை. காதுக்கு அடைப்பான் கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டால் கீழே நிற்பவன் ஊதும் விசில் கேட்காது என்று அவர் போட்டதே இல்லை. கீழே நின்றவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் காதுதான் போனது. மனைவி லெட்சுமி இறந்தபோது ப்ரியா பொலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டே பேர்.

வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளைச் சட்டை. குளித்து, திருநீறு பூசி, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு புஷ்பவல்லியின் கடைக்குப் போவார்.

"வெள்ளிக்கு வெள்ளி பூ. யாருண்ணே அது? சபாக்ல ஒரு சின்ன வீடா?" என்று புஷ்பவல்லி ஆரம்பத்தில் கிண்டல் செய்தார்.

"ஆமா. சக்கரை வியாதி இருக்கு, முட்டி வலி இருக்கு. நெருக்கமா கட்டு."

பூவை வாழையிலையில் சுற்றி, அதன்மேல் நனைத்த நாளிதழைச் சுற்றி, நூலால் கட்டிக் கொடுப்பார் புஷ்பவல்லி. அதை மோட்டாரின் கூடையில் வைக்காமல் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு தம்புசாமி பஸ் நிலையத்துக்குப் போவார். சபாக் பஸ்ஸின் ஓட்டுநர் சபாபதி. பல வருஷப் பழக்கம். "சாமி பூ. கீழ வைக்காத" என்று ஒவ்வொரு வாரமும் முதல் முறை சொல்வதுபோலச் சொல்வார். சபாபதி பொட்டலத்தை முன்கண்ணாடிக்குக் கீழே, அங்கே ஒட்டியிருக்கும் சின்னப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைப்பார். பஸ் கிளம்பும்போது தம்புசாமி கை கூப்புவார். அந்தக் கும்பிடு பிள்ளையாருக்கா, பூவுக்கா, சபாபதிக்கா என்று சபாபதிக்கே தெரியாது.

சபாக் நிலையத்தில் சீதாலெட்சுமியின் மகன் ஜீவன் பொட்டலத்தை வாங்கி வீட்டில் கொடுப்பான். பிரிப்பது சீதாலெட்சுமி மட்டும்தான். சாமியறைக்கு எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

மாலையில் ப்ரியா வேலை முடிந்து வந்ததும் தம்புசாமி நாற்காலியிலிருந்து கத்துவார்: "பூ வந்துச்சான்னு கேளு!"

ப்ரியா போன் போடுவாள். "வந்துச்சும்மா. நல்லா இருக்குன்னு அண்ணன்கிட்ட சொல்லு" என்பார் அத்தை. ப்ரியா அப்பாவைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்துவாள். அவர் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

ப்ரியாவுக்கு அதில் ஒரு கணக்கு உதைத்துக்கொண்டே இருந்தது. அவள் ஷா ஆலாமில் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் பொறியாளர். மருந்தும் மீனும் எத்தனை பாகையில் எத்தனை மணி நேரம் கெடாமல் இருக்கும் என்பதுதான் அவளுடைய சம்பளம். ஓடும் பஸ்ஸின் முன்கண்ணாடிக்குக் கீழே இரண்டு மணி நேரம் மல்லிகைப்பூ என்ன ஆகும் என்று சொல்ல அவளுக்குக் கருவி தேவையில்லை.

"வெயில்ப்பா! பூ வெந்துடும்!" என்று ஒரு முறை கத்தினாள். "நான் ஆபீஸ்லேருந்து வெள்ளைப் பெட்டி கொண்டாரேன்! ஐஸ் வெச்சி அனுப்பலாம்! பஸ்ஸுக்கு அடியில வெச்சா வெயில் படாது!"

"மீன் பெட்டியிலயா?"

"புதுப் பெட்டிப்பா!"

"சாமி பூவ மீன் பெட்டியில போட்டு, டயர் பக்கத்துல, ஊரான் பேக்குக்குக் கீழ வைக்கணுமா? படிச்சவதானே நீ?" அதோடு விடவில்லை. "நல்லா இருக்குன்னு உங்க அத்தை சொல்றாளா இல்லையா? ஒன் மிஷினுக்குத் தெரியுமா, அவளுக்குத் தெரியுமா?"

தன் கணக்கில்தான் எங்கோ தப்பு என்று ப்ரியா விட்டுவிட்டாள்.

தம்புசாமி இறந்த அந்த வாரம்தான் சீதாலெட்சுமி ஈப்போவில் இதயக் குழாய்க்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பியிருந்தார். அதிர்ச்சி எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஜீவன் கிள்ளானுக்கு வந்தான், வேலை விஷயமாகப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ப்ரியாவைத் தனியே கூப்பிட்டான்.

"அம்மாகிட்ட இப்ப சொல்ல முடியாது ப்ரியா. தாங்காது. கொஞ்சம் தேறட்டும்."

"எப்ப சொல்றது?"

"தெரியல. ஆனா வெள்ளிக்கிழமை பூ வரலன்னா அன்னிக்கே கேட்ரும்."

மகன் இல்லாத வீட்டில் கொள்ளி வைக்க வேண்டியவன் ஜீவன்தான். ஆனால் அவன் தலையை மழித்துக்கொண்டு சபாக்குக்குப் போனால் அத்தை ஒரே பார்வையில் தெரிந்துகொள்வார். ஆகவே சிம்பாங் லீமா மயானத்தில் ப்ரியாவே கொள்ளி வைத்தாள். பெண்பிள்ளை வைக்கலாமா என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் அஸ்தியைப் போர்ட் கிள்ளானில் கடலில் கரைத்தபோது தூரத்தில் கிரேன்கள் வேலை செய்துகொண்டிருந்தன.

போன் வந்த அந்த வெள்ளிக்கிழமை பூக்கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் புஷ்பவல்லி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். ப்ரியா பொட்டலத்தை எடுக்கக் கை நீட்டியபோது தடுத்தார்.

"நீ தொடாதம்மா. ஒனக்குத் தீட்டு. பதினாறு முடியட்டும். நான் கட்டி, நானே பஸ்ல ஏத்திடறேன்."

"சரிக்கா."

"அங்க அவங்களும் கூடப் பொறந்தவங்கதானே. தீட்டு வீட்டுல சாமிக்குப் பூப் போடலாமா?"

"அவங்களுக்குத் தெரியாதேக்கா."

"அவங்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியுமே" என்றார் புஷ்பவல்லி. சொல்லிவிட்டு நாளிதழைத் தண்ணீரில் நனைத்தார்.

சபாபதியிடமும் சொல்ல வேண்டியிருந்தது. அவர் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஏறிப் பொட்டலத்தை எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்தார்.

அன்று மாலை ப்ரியா போன் போட்டாள். "வந்துச்சும்மா. நல்லா இருக்குன்னு சொல்லு" என்றார் அத்தை. ப்ரியா நாற்காலியைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினாள். உயர்த்திய பிறகுதான் தெரிந்தது. விரலை மடக்க நேரமாயிற்று.

"அண்ணன் உப்பைக் கொறைச்சுட்டாரா?"

"கொறைச்சுட்டாரு அத்தை."

"ஏசிக்கிட்டே சாப்பிடுவாரே."

"ஆமா அத்தை."

கிள்ளானில் அப்பாவின் பெயரை ஒவ்வோர் இடமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓய்வூதியத்திலிருந்து, வங்கியிலிருந்து, கோயில் சங்கத்திலிருந்து. பக்கத்து வீட்டு வீரம்மா அவரை 'அவர் இருந்தப்ப' என்று பேசப் பழகிவிட்டார். உப்புக் குறைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, ஏசிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து பூ வந்ததா என்று கேட்டுக்கொண்டு அப்பா இன்னும் உயிரோடு இருக்கும் வீடு உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. அது சபாக் பெர்ணத்தில் இருந்தது. அத்தையின் நெஞ்சுக்காகத்தான் பொய் சொல்வதாக ஜீவனிடம் சொன்னாள். அது பாதிதான் உண்மை. வெள்ளிதோறும் ஒரு பூப்பொட்டலம் போய்க்கொண்டிருக்கும்வரை அந்த வீட்டில் அப்பா சாக மாட்டார்.

கருமாதி முடிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை பூவைத் தொட அவளுக்குத் தடை இல்லை.

இனி தன் கையால் அனுப்புவது என்று முடிவு செய்தாள். அனுப்பினால் ஒழுங்காக அனுப்ப வேண்டும். வேலையிடத்திலிருந்து பிரிக்காத புது வெள்ளைத் தெர்மோகோல் பெட்டி ஒன்றைக் கொண்டு வந்தாள். அடியில் குளிர்ப்பைகள். நேராகக் குளிர் பட்டால் மல்லி கறுத்துவிடும் என்பதால் அவற்றின்மேல் காய்ந்த தாளை மடித்துப் பரப்பினாள். அதற்குமேல் வாழையிலை, இலையில் பூ. விளிம்பைச் சுற்றி ஒட்டுப்பட்டை. செய்து முடித்தபோது, அப்பா இறந்த நாளுக்குப் பிறகு முதல் முறையாக ஒரு வேலையைச் சரியாகச் செய்ததுபோல இருந்தது.

சபாபதி பெட்டியைச் சந்தேகமாகப் பார்த்தார். "தங்கச்சி, இது முன்னாடி நிக்காதே."

"கீழ வைங்கண்ணே. சாமான் வைக்கிற எடத்துல. வெயில் படக்கூடாது."

"ஒங்கப்பா இருந்தா என்னைய ஏசியே கொன்னுருப்பாரு."

"நான்தானே சொல்றேன். வைங்க."

சபாபதி தோளில் கிடந்த துண்டை உதறி, பஸ்ஸின் அடியறையில் விரித்து, அதன்மேல் பெட்டியை வைத்தார். டயர் பக்கமாக வேண்டாம் என்று நடுவில் தள்ளினார்.

பிற்பகலில் ப்ரியா கிடங்கில் ஒரு கம்ப்ரெஸருக்கு முன்னால் குனிந்திருந்தபோது போன் வந்தது. அத்தை. வேலை நேரத்தில் அவர் கூப்பிட்டதே இல்லை. ப்ரியா வெளியே வந்தாள்.

"ப்ரியா."

"சொல்லுங்கத்தை. பூ வந்துச்சா?"

"வந்துச்சு."

"நல்லா இருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்கும்மா. மொட்டு மொட்டா இருக்கு. இன்னும் விரியக்கூட இல்ல. தொட்டா சில்லுனு இருக்கு. ரூமே மணக்குது."

ப்ரியாவுக்குச் சிரிப்பு வந்தது. வாய் திறப்பதற்குள் அத்தை கேட்டார்:

"எங்கண்ணன் எப்பம்மா போனாரு?"

கிடங்கின் கதவு திறந்து லோரி ஒன்று பின்னால் நகர்ந்தது. அதன் எச்சரிக்கை ஒலி நின்றதும் ப்ரியா கேட்டாள்: "யாரு அத்தை சொன்னா?"

"யாரு சொல்லணும்? இத்தன வருஷத்துல ஒரு வாரம்கூட அண்ணன் அனுப்பின பூ நல்லா வந்ததில்லம்மா. கருகி, சுருண்டு, காப்பித் தூள் மாதிரி கொட்டும். தண்ணி தெளிச்சு, நூலோட அப்படியே சாமிக்கு வெப்பேன். ஜீவனுக்குக்கூடக் காட்டுனதில்ல. காட்டுனா அவன் ஒங்கிட்ட சொல்லிருவான்."

"ஏன் அத்தை சொல்லல?"

"சொன்னா? நின்னுரும். இல்ல, அந்தக் காத வெச்சிக்கிட்டு மோட்டார எடுத்து அவரே கொண்டாரேன்னு கெளம்பிருவாரு. சாமி பூவ வெள்ளைப் பெட்டியில போட்டு அனுப்ப அவரு இருந்தா விட்டிருப்பாரா? பெட்டியத் தொறந்தேன். பூவப் பார்த்தேன். எங்கண்ணன் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு."

ப்ரியா சிமென்ட் தரையில் உட்கார்ந்தாள். செவ்வாய்க்கிழமை, குளியலறை, ஆம்புலன்ஸ் வருமுன்பே என்று எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் "ம்" என்ற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை காரில் சபாக்குக்குப் போனாள். சாலையின் இரு பக்கமும் வயல் பச்சையாக இருந்தது. ஜீவன் வாசலில் நின்றான்.

"பெட்டி வந்தப்ப எனக்கு ஒண்ணும் தோணல ப்ரியா. நல்ல ஐடியான்னுதான் நெனச்சேன்."

"நானும்தான்."

அத்தை கூடத்தில் தலை முழுகிய ஈரத்தோடு உட்கார்ந்திருந்தார். சாமியறை சாத்தியிருந்தது. பெட்டி மூடியபடி ஒரு நாற்காலியின்மேல் இருந்தது. ப்ரியா காலடியில் உட்கார்ந்ததும் அவர் முதலில் கேட்டது, "கொள்ளி யாரு வெச்சா?"

"நான்தான் அத்தை."

அத்தை அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "வாய்க்கரிசி?"

"தாமான்ல அக்கம்பக்கத்து வீட்டுல உள்ளவங்க போட்டாங்க. வீரம்மாக்கா, சங்கத்து ஆளுங்க."

"ஊர்ல உள்ளவங்க எல்லாம் போட்டாங்க. கூடப் பொறந்தவ நான் ஒரு பிடி போடல." குரல் அப்போதும் உடையவில்லை. "தீட்டுக் காக்க விட்டீங்களா? நீங்க அனுப்பின பூவப் போட்டு, வெளக்கேத்தி, எங்கண்ணனுக்கு ஒண்ணும் வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டு இருந்தேன். அவரு கடல்ல கரைஞ்சதுக்கு அப்புறமும் வேண்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

"ஒங்களுக்குத் தாங்காதுன்னுதாம்மா..." என்று ஜீவன் மாத்திரையும் தண்ணீருமாக வந்தான்.

"தாங்காதா? இப்ப என்ன பண்றேன்? தாங்கிக்கிட்டுத்தானே ஒக்கார்ந்திருக்கேன்?" மாத்திரையை வாங்கினார். விழுங்கவில்லை. உள்ளங்கையில் அது கிடக்க, அப்போதுதான் அழுதார். வாய்விட்டு, அண்ணே அண்ணே என்று. ப்ரியாவும் அழுதாள். மயானத்தில் அழாத அழுகை அது.

கிளம்பும்போது அத்தை பெட்டியைக் காட்டினார். "இத எடுத்துட்டுப் போ. அண்ணன் படத்துக்குப் போடு. இப்படித்தான் எனக்கு வந்து சேருதுன்னு நெனச்சிக்கிட்டே போயிட்டாரு. ஒரு தடவையாவது கண்ணுல பாக்கட்டும்."

ப்ரியா கிள்ளானுக்கு வந்து, அந்த மல்லியைப் படத்துக்குப் போட்டாள். அன்று சாயங்காலம் அது விரிந்தது.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை அவள் பூ அனுப்பவில்லை. அத்தை தன் தீட்டைக் காத்துக்கொண்டிருந்தார். மதியம் சபாபதி கூப்பிட்டார்.

"தங்கச்சி, சபாக்லேருந்து ஒரு பொட்டலம் இருக்கு. வந்து எடுத்துக்க."

"யாரு குடுத்தா?"

"ஒங்கத்தைதான். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே வந்துட்டாங்க. கீழ வைக்கவான்னு கேட்டேன், ஏசு ஏசுன்னு ஏசிட்டாங்க. முன்னாடி வையின்னு. சாமி பூவான்னு கேட்டேன். இல்ல, எங்கண்ணன் பூன்னாங்க."

ப்ரியா அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுப் போய் வாங்கினாள். பொட்டலம் வெயிலில் சூடேறியிருந்தது. வீட்டுக்கு வந்து பிரித்தாள். அத்தை வாசலில் பூக்கிற நந்தியாவட்டையும் செம்பருத்தியும். வெள்ளை பழுப்பாகியிருந்தது. செம்பருத்தி நனைந்த காகிதம்போல இலையோடு ஒட்டிக்கிடந்தது. சுற்றியிருந்த நாளிதழ் காய்ந்து மொரமொரத்தது. இலையை எப்படி மடித்திருக்க வேண்டும், எதை அடியில் வைத்திருக்க வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

தண்ணீர் தெளித்தாள். ஒவ்வொன்றாகப் பிரித்துப் படத்தைச் சுற்றி வைத்தாள். இரண்டு செம்பருத்தி கையிலேயே கிழிந்தது. கிழிந்ததையும் வைத்தாள்.

மாலையில் போன் வந்தது.

"பூ வந்துச்சாம்மா?"

"வந்துச்சு அத்தை."

"எப்படி இருக்கு?"

ப்ரியா படத்தைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு அத்தை."

"அப்படித்தான் சொல்லணும்" என்றார் அத்தை.